வாச்சாத்தி கேட்காத அறிவுரை

கல்லூரி ஆண்டு விழாவுக்குப் போனாலும் சரி, கம்பெனிப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தாலும் சரி, காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் சரி, ஒரே பல்லவிதான். "உன்னைப் பாதிக்கப்பட்டவனாக நினைத்துக்கொள்வதை முதலில் நிறுத்து. பழியை அடுத்தவர்மேல் போடாதே. உன் நிலைமைக்கு நீயேதான் பொறுப்பு. மனதை மாற்று, வாழ்க்கை தானாக மாறும்." இந்த வியாதிக்கு 'விக்டிம் மென்டாலிட்டி' என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. பெயர் சூட்டிவிட்டால் வேலை சுலபம். பிடித்துவைத்த சம்பளத்தைக் கேட்கிறவன், சாதி சொல்லித் திட்டியதை எதிர்க்கிறவள், புகுந்த வீட்டில் வாங்கிய அடியை வாய்விட்டுச் சொல்கிறவள் எல்லோரையும் ஒரே நோயாளிக் கூட்டத்தில் சேர்த்துவிடலாம். அவர்கள் சொல்வது உண்மையா என்று விசாரிக்க வேண்டிய தொல்லை இல்லை.

மனிதருக்கு வலிமை வேண்டும் என்பதில் எனக்கு யாரோடும் சண்டை கிடையாது. அது எப்படி வருகிறது என்று இவர்கள் சொல்லும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் பாதிப்பை மற, பிறகு பலசாலி ஆவாய் என்கிறார்கள். நான் படித்தறிந்த, நேரில் பார்த்த சங்கதிகள் எல்லாம் வேறு மாதிரி இருக்கின்றன. "எனக்கு இந்த அநியாயம் நடந்தது, இன்னார் செய்தார்கள்" என்று சொல்லி, அந்தச் சொல்லிலிருந்து இம்மியும் நகராமல் நின்றவர்களிடம்தான் வலிமை வந்து சேர்ந்திருக்கிறது. அதை மறக்கச் சொல்வது அவர்கள் கையிலிருக்கும் ஒரே பிடிமானத்தையும் பிடுங்குவதற்குச் சமம்.

இந்த உபதேசம் புதிது என்று நினைப்பவர்கள் தங்கள் பாட்டியிடம் கேட்கட்டும். 'எல்லாம் தலைவிதி', 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்லித்தான் இந்த ஊரில் பண்ணையாளையும் விதவையையும் வாய் திறக்காமல் வைத்திருந்தார்கள். துன்பத்துக்குக் காரணம் துன்பப்படுகிறவனுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். 2006இல் வந்து உலகமெல்லாம் விற்றுத் தீர்ந்த 'தி சீக்ரெட்' புத்தகம் சொன்னதும் கிட்டத்தட்ட அதே கதைதான்: நீ எதை நினைக்கிறாயோ அதுதான் உன்னைத் தேடி வரும். காரணத்தைப் போன ஜென்மத்திலிருந்து நேற்று ராத்திரி யோசித்த யோசனைக்கு மாற்றியிருக்கிறார்கள். முன்பு பரிகாரத்துக்குத் தட்சணை, இப்போது வகுப்புக்குக் கட்டணம்.

நல்ல மனிதர்கள்கூட ஏன் இதை நம்புகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய சோதனை நல்ல விளக்கம் தருகிறது. 1966இல் மெல்வின் லெர்னர், கேரொலின் சிம்மன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதை வெளியிட்டார்கள். ஒரு பெண் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி வாங்குகிறாள். கல்லூரி மாணவிகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதிர்ச்சி பொய், வலி நடிப்பு, பார்ப்பவர்களுக்கு மட்டும் அது தெரியாது. அவளைக் காப்பாற்ற வழி இருந்தவர்கள் அவளைப் பற்றித் தாழ்வாக ஒன்றும் சொல்லவில்லை. வழியில்லாமல், அவள் இன்னும் துன்பப்படத்தான் போகிறாள் என்று நம்பியவர்கள் அவளை மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமானது என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள, அடி வாங்குகிறவளிடம் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நம் மேடைப் பேச்சாளர்களின் உபதேசத்தில் பாதிக்குமேல் கேட்பவர்களுக்கான மருந்து அல்ல. பேசுகிறவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதற்கான ஏற்பாடு.

கொங்கு நாட்டில் ஒரு நூற்பாலையின் உணவுக்கூடத்தில் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வந்த ஹாஸ்டல் பெண்கள், தலையில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்க, பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலர் மைக் மாட்டிய பயிற்சியாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, மனதில் இருக்கும் குறைகளை எல்லாம் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று சுக்குநூறாகக் கிழித்து வாளியில் போட வேண்டும். அதோடு குறை தீர்ந்தது. கைதட்டலும் கிழிக்கும் சத்தமுமாக இருந்தபோது ஒரு பெண் மட்டும் தாளை மடித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், பி.எஃப். பிடிக்கறாங்க, இன்னும் நம்பர் தரலைன்னு எழுதியிருக்கேன். இதையும் கிழிக்கணுமா?" பயிற்சியாளர் சிரித்தார், அதெல்லாம் எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளம்மா என்றார். எச்.ஆர். கதவோரம்தான் நின்றிருந்தார்.

அவள் எழுதியது குறையா, கோரிக்கையா? பயிற்சியாளருக்கு இரண்டும் ஒன்று. சம்பளத்தில் பிடித்த பணம் எங்கே போனது என்று கேட்பதும், மழை பெய்கிறதே என்று சலித்துக்கொள்வதும் அவர் வாளியில் ஒன்றாகத்தான் விழுகின்றன. அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்களிலேயே தெம்பான ஆள் தாளைக் கிழிக்காத அந்தப் பெண்தான் என்பது என் எண்ணம்.

துணிக்கடைகளில் நடந்ததைப் பாருங்கள். தி. நகரில் ஆகட்டும், மதுரையில் ஆகட்டும், பெரிய கடைகளில் விற்பனைக்கு நிற்கும் பெண்கள் நாள் முழுக்க நின்றேதான் வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீங்கும், நரம்பு சுருளும். கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இதே நிலைதான். அங்கே பி. விஜி என்ற தையல்காரர் பெண் தொழிலாளர்களைக் கூட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். அவர்கள் முக்கியமாகக் கேட்டது இரண்டு: போக ஒரு கழிப்பறை, உட்கார ஒரு இடம். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றது. எல்லாக் கடையிலும் இன்று நாற்காலி இருக்கிறதா என்றால் நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. அது நேர்மறைச் சிந்தனையில் பிறந்த சட்டம் அல்ல. 'எங்களுக்குக் கால் வலிக்கிறது, இது உங்களால் வலிக்கிறது' என்று சிலர் ஓயாமல் சொன்னதில் பிறந்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பதை அறிந்த ஊர், அழாதே என்று வகுப்பெடுப்பது விசித்திரம்.

இதெல்லாம் சின்ன விஷயம், பெரிய காயத்தை மறந்தால்தான் மீள முடியும் என்று ஒருவர் வாதிடலாம். சரி, பெரிய காயத்துக்கே போவோம்.

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஒன்றுசேர்ந்து ஊருக்குள் புகுந்தார்கள். ஊராரை இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள்; அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் இருந்தாள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு கோழிகளைத் தின்று தீர்த்தார்கள், கிணற்றைக்கூட விட்டுவைக்காமல் பாழாக்கினார்கள். அதற்குப் பிறகு வழக்கு பாய்ந்தது, அடித்தவர்கள்மீது இல்லை, அடிபட்டவர்கள்மீது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அப்போதே யாராவது அவர்களிடம் போய், நடந்தது நடந்துவிட்டது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், எதிரே பாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர்கள் எதிரே பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி அந்த ஜூன் மாதத்தையே பார்த்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணைக்கு வந்தன. அந்தக் கட்சியின் தலைவர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். அன்றைய அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்திலிருந்து வந்த அதிகாரி பாமதி ஊருக்குப் போய் விசாரித்து, நடந்ததுதான் என்று அறிக்கை கொடுத்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 155 வனத்துறையினர், 108 காவலர்கள், 6 வருவாய்த்துறையினர் என்று 269 பேர்மீது குற்றச்சாட்டு.

இந்தக் காலமெல்லாம் அந்தப் பெண்கள் செய்தது என்ன? ஆணையத்திடம் சொன்னார்கள். சி.பி.ஐ.யிடம் சொன்னார்கள். அடையாள அணிவகுப்பில் கை நீட்டிக் காட்டினார்கள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் குடைந்து குடைந்து கேட்டதற்கெல்லாம் அதையே திருப்பிச் சொன்னார்கள். பயிற்சியாளர் ஒருவர் இதைப் பார்த்திருந்தால், புண்ணையே கிளறிக்கொண்டிருக்கிறார்கள், வாழ்க்கையில் முன்னேறவே மாட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேருக்குத் தண்டனை. அவர்களில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காக. சீருடை போட்ட அரசாங்கத்தை, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் அடங்கிய ஒரு ஊர், முழுசாகக் கூண்டில் ஏற்றியது. தனிமனித வலிமைக்கு இதைவிடப் பெரிய பாடம் தமிழ்நாட்டில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்களின் மனதுக்குள் என்ன ஓடியது என்று நான் கதை கட்டப் போவதில்லை. அவர்கள் செய்தது பதிவில் இருக்கிறது, அது போதும்.

அறிவியல் எங்கள் பக்கம் என்று மார்தட்டும் பயிற்சியாளர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது மார்ட்டின் செலிக்மனை. 1967இல் அவரும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலமானது. என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் பெரும்பாலும் தாண்டாமல் சுருண்டு படுத்துக்கொண்டன. இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன, அதை மறக்கடிக்க வேண்டும் என்று அன்று விளக்கினார்கள். நம் ஊர் வகுப்புகள் அந்த வருடத்தோடு நின்றுவிட்டன. அதே இருவரும் 2016இல், ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, மூளை ஆய்வுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள்: நாங்கள் அன்று சொன்னது தலைகீழ். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது உடம்பின் இயல்பு, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது, நாம் செய்தால் ஏதாவது நடக்கும் என்பதைத்தான். தங்கள் பெயருக்கே புகழ் தந்த கருத்தை இப்படித் திருத்தி எழுதிய நேர்மைக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

அந்த நாய்களை எப்படிக் குணப்படுத்தினார்கள் என்பதை இன்னும் யாரும் மேடையில் சொல்லி நான் கேட்கவில்லை. கழுத்தில் கயிறு கட்டி, தடுப்பைத் தாண்டித் தாண்டி இழுத்தார்கள். பல தடவை இழுத்த பிறகு, தாண்டினால் வலி நிற்கிறது என்று உடம்புக்குத் தெரிந்து அவை தானாகத் தாண்டின. முதலில் செயல், அதற்கு ஒரு பலன், நம்பிக்கை கடைசியில். அதோடு இன்னொரு சங்கதி: தடுப்புக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே மின்னதிர்ச்சி இருக்கக் கூடாது. அந்தப் பக்கமும் அதிர்ச்சி அடிக்கிற இடத்தில் நின்றுகொண்டு, தாண்டு தாண்டு என்று கைதட்டுவதால் எந்த நாயும் தேறாது.

முதலில் செயல், பிறகு நம்பிக்கை என்ற இந்த வரிசை புதுக்கோட்டையில் பெரிய அளவில் நடந்தது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 'தைரியமாக இரு' என்ற சொற்பொழிவு கேட்டு அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. ஆண்கள் கேலி செய்ய, முட்டி சிராய்க்க, யாரோ பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, ஒரு கட்டத்தில் பிடித்தவர் கையை விட்டதும் வண்டி நிற்காமல் போனதே, அங்கே வந்தது. பல பெண்கள் லேடீஸ் சைக்கிளை விட ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே விரும்பினார்கள். பாரில் ஒரு சின்ன சீட்டு மாட்டினால் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம், பின்னால் தண்ணீர்க் குடமோ மூட்டையோ. அதுவரை பஸ்ஸுக்கோ அப்பனுக்கோ புருஷனுக்கோ காத்து நின்ற நேரம் மிச்சமானது. அந்தச் சைக்கிளோடு வேலையும் கூலியும் குவாரிக் குத்தகை உரிமையும் பற்றிய பேச்சும் சேர்ந்தே வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இப்போது எதிர்த்தரப்பின் நல்ல வாதத்துக்கு வருகிறேன். அநியாயத்தையே பிழைப்பாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், அண்ணன் தன் பங்கை ஏமாற்றி எழுதிக்கொண்டார் என்பதை வருடக்கணக்காக டீக்கடையில் சொல்லி வருகிறார். பெண்டாட்டி போனதும், மகன் பேசாததும், பல் விழுந்ததும்கூட அண்ணனால்தான். 2020இல் ரஹாவ் கபாய் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இஸ்ரேலில் இந்தக் குணத்தை ஆராய்ந்து எழுதினார்கள்: தன் வலியை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு, தானே உத்தமன் என்ற எண்ணம், அடுத்தவர் வலி கண்ணில் படாமை, பழையதையே மென்றுகொண்டிருத்தல். டீக்கடையில் புலம்பும் அந்த மனிதருக்கு நாலும் பொருந்தும். ஆனால் இந்தக் குணமும் நிஜமாகவே பாதிக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல, பெரிய காயம் எதுவும் படாதவர்களிடமும் இது வளரலாம் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். நம் பயிற்சியாளர்கள் இந்தப் பிரிவினையை வசதியாகக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

டீக்கடையில் புலம்பும் அந்த மனிதரிடம் நான் ஒருநாள், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை. பாகப்பிரிவினை வழக்கு? வக்கீலுக்குக் காசு ஏது என்றார். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய கோளாறு, அநியாயம் நடந்தது என்று சொல்வதில் இல்லை. அது ஒரு மனுவாகக்கூட ஆகாமல் டீ டம்ளரோடு நின்றுவிட்டது. வாச்சாத்தியில் மனு ஆனது, சாட்சியம் ஆனது. இரண்டு இடத்திலும் கதை பழையதுதான். கேட்க வைக்க நாலு பேர் கூட நின்றார்களா என்பதில்தான் வித்தியாசம். தன்னம்பிக்கை இலக்கியத்தின் பிதாமகர்களில் ஒருவரான எம்.எஸ். உதயமூர்த்திகூட 'எண்ணங்கள்' எழுதியதோடு நிற்காமல் மக்கள் சக்தி இயக்கம் என்று ஆள் திரட்டப் போனார். எண்ணம் மட்டும் போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பெடுப்பவர்கள் அந்தப் பாதியைத் தொடுவதில்லை.

பாதிக்கப்பட்டவர் வேடம் போடுபவர்கள் இன்னொரு பக்கமும் இருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தால் எங்களுக்குத்தான் பாதிப்பு, இட ஒதுக்கீட்டால் எங்கள் பிள்ளைகள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்கள், வரதட்சணைச் சட்டத்தால் ஆண் இனமே அழிகிறது என்று மாநாடு போட்டு அழுகிறவர்களிடம் எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் போய், உங்கள் மனநிலையை மாற்றுங்கள் என்று சொன்னதாகத் தெரியவில்லை. அந்த மாநாட்டு மேடையிலேயே அவர் சிறப்பு விருந்தினராக இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன். அறிவுரை தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கித்தான் ஓடுகிறது.

பொறுப்பேற்பு விஷயத்திலும் அப்படியே. உன் வாழ்க்கைக்கு நீ பொறுப்பேற்றுக்கொள் என்று தறி ஓட்டுகிறவளிடமும் துணி மடிப்பவளிடமும் சொல்கிறார்கள். வாச்சாத்தியில் தண்டனை பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? நாங்கள் செய்யவில்லை என்று மேல்முறையீடு செய்தார்கள். அது 12 வருடம் ஓடியது. விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் நேரில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29ஆம் தேதி மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அதிகாரி ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னார். படித்த, பதவியில் இருந்த, பயிற்சி பல பெற்ற அந்த அதிகாரிகளுக்குத் தங்கள் செயலுக்குப் பொறுப்பேற்க 31 வருடமும் ஒரு நீதிமன்ற ஆணையும் தேவைப்பட்டன. மனநிலையை மாற்றும் வகுப்பு யாருக்காவது நடத்தியே ஆக வேண்டும் என்றால், வருகைப் பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.